கயிற்றின் கடைசி ஆள்

யோங்தால்: கையத் தூக்குடா. இடுப்பக் காட்டு.

மன்சொக்: கொண்டா, நானே கட்டிக்கிறேன்.

யோங்தால்: போன வருஷம் நீ கட்டின லட்சணத்தத்தான் பாத்தேனே. தூக்கு.

மன்சொக்: கோட்டுக்கு மேலயே கட்டு. உள்ள கைய விடாத, குளிருது.

யோங்தால்: மேலதான் கட்டுறேன்... ம்.

மன்சொக்: என்ன, ம்?

யோங்தால்: ஒண்ணுமில்ல. முடிச்சப் பின்பக்கம் போடுறேன். முன்னாடி போட்டா வயித்துல அழுத்தும்.

கிசூ: யோங்தால் அண்ணே, என்ன இது, மாப்பிள்ளை அலங்காரமா? சீக்கிரம் வாங்க. மீனெல்லாம் எழுந்து பல்லு வெளக்கிட்டு வேலைக்குப் போயிடும்.

யோங்தால்: வாயடிக்காம வண்டியிலேர்ந்து இரும்புக் கம்பிய எடுத்துட்டு வா. மன்சொக், நீ இந்தப் பெட்டி மேல உக்காந்து, வழுக்காம இருக்க ஷூவுக்கு இரும்பு முள்ளு மாட்டு. மரத்துக்கு முதுகக் காட்டி உக்காரு. காத்து படாது.

மன்சொக்: பின்னாடி என்னடா நோண்டுற?

யோங்தால்: மிச்சக் கயித்தச் சுருட்டி வெக்கிறேன். கால்ல சிக்கி விழுந்தா உன் பொண்டாட்டிக்கு யார் பதில் சொல்றது?

மன்சொக்: அவகிட்ட பேசினியா?

யோங்தால்: நான் எதுக்குப் பேசப் போறேன்?

மன்சொக்: சும்மா கேட்டேன்.

கிசூ: இந்தாங்க கம்பி. அப்போ வரிசை தெரியும்ல? கடைக்கார அக்கா தராசு சொல்றதுதான் சட்டம். யோங்தால் அண்ணன் அறுபத்தாறு கிலோ, லேசான ஆளு, முன்னால. நான் எழுபத்திநாலு, நடுவுல. மன்சொக் அண்ணன் எழுபத்தெட்டு, கரையில, கடைசி. இருபத்திரெண்டு வருஷமா மாறாத வரிசை.

மன்சொக்: தெரிஞ்சத எதுக்குடா ஒப்பிக்கிற?

கிசூ: போன வருஷம் எண்பத்தஞ்சு இருந்தீங்க. அதச் சொல்ல வந்தேன். அண்ணிகிட்ட சோறு கேட்டா தர மாட்டேங்குறாங்களா?

மன்சொக்: மலை ஏறுறேன். தினம் காலையில.

கிசூ: நீங்களா? மாடி ஏறினாலே நடுவுல நின்னு ஊர்க்கதை பேசுவீங்க.

யோங்தால்: நான் ஏரி ஐஸுல இறங்குறேன். கிசூ, பத்தடி தள்ளி வா. நான் வெச்ச காலடியிலேயே வெக்கணும். மன்சொக், கயிறு விடு.

மன்சொக்: விடுறேன். மெதுவாப் போ.

யோங்தால்: ஒண்ணு... ரெண்டு... மூணு. கம்பியால மூணு தடவ குத்தியும் உடையல. நல்லா இருக்கு.

கிசூ: வருஷத்தோட முதல் பனிக்கட்டி மேல நடக்குறப்ப மட்டும் பயமா இருக்கு, அண்ணே. ஜனவரியில இதே இடத்துல ஆளுங்க கூடாரம் போட்டு, குழந்தை குட்டியோட வறுத்துத் தின்னுட்டு இருப்பாங்க. அப்ப ஒண்ணும் தெரியாது.

யோங்தால்: அப்ப மீனும் இருக்காது. வர்ற கூட்டத்துல பாதிப் பேர் தூண்டிலத் தண்ணியில நனைச்சுட்டுப் போறவங்க. முதல் வாரம் வந்தாத்தான் விரல் நீள பிங்கொ மீன் மொத்தமாக் கிடைக்கும்.

மன்சொக்: முதல் மீன் இந்த வருஷமும் உனக்குத்தான்.

யோங்தால்: முன்னால நடக்குறவன் முதல் ஓட்டை போடுவான். முதல் ஓட்டையில வர்ற முதல் மீன் அவனுக்கு. உயிரோட மிளகாய் விழுதுல முக்கி, அப்படியே வாயில. நீ பாத்து எச்சில் முழுங்கு.

மன்சொக்: இருபத்திரெண்டு வருஷமா முழுங்கிட்டு இருக்கேன்.

கிசூ: இன்னைக்கு அதுவும் முழுங்குவாரான்னு தெரியல. காலையில கடையில வாங்கின நூடுல்ஸ் அப்படியே நாய்க்குப் போச்சு. அக்கா மூஞ்சியப் பாக்கணுமே.

மன்சொக்: பல்லு வலி.

கிசூ: சோஜு ஊத்தினப்பவும் பல்லு வலியா? சோஜுவக் கடிச்சா குடிக்கிறீங்க?

மன்சொக்: நீ முன்னாடி பாத்து நடடா.

யோங்தால்: ஒண்ணு... ரெண்டு... மூணு. கயிறு.

மன்சொக்: விட்டுட்டேன். எத்தன அடி வந்திருக்கு?

கிசூ: அவரு நாணலத் தாண்டிட்டாரு. நவம்பர்லயும் உங்களுக்குப் பல்லு வலிதானா, அண்ணே? ஆத்துல கடைசி நாள் அன்னைக்கு? அவ்ளோ பெரிய சொகாரி மீன் மாட்டி, கரைக்குப் பக்கத்துல வந்து...

மன்சொக்: ஆரம்பிச்சிட்டான்.

கிசூ: ...ரப்பர் கால்சட்டை தொளதொளன்னு, அண்ணன் மல்லாக்க, மீன் டாட்டா காட்டிட்டுப் போயிடுச்சு. அந்த ஆத்துலயே அந்த வருஷம் அதான் கடைசி மீன். நான் வீட்டுக்குப் போயும் சிரிச்சேன்.

மன்சொக்: பாசி வழுக்கிச்சு.

யோங்தால்: நான் புடிக்கலேன்னா அணைக்கட்டுல போய்த்தான் நின்னிருப்பான்.

மன்சொக்: புடிச்சத இன்னும் எத்தன நாளைக்குடா சொல்லுவ? எட்டு வருஷம் முன்னாடி உன்ன இதே தண்ணியிலேர்ந்து இழுத்துப் போட்டேன். நான் எப்பவாவது சொல்லிக் காட்டினேனா?

கிசூ: வருஷா வருஷம் சொல்றீங்களே.

யோங்தால்: சொல்லட்டும்டா. ஒரே இழுப்பு இழுத்தான். ரெண்டாவது இழுப்புக்கு நான் இருந்திருக்க மாட்டேன். ஒரு வாரம் இடுப்பச் சுத்தி நீலமா இருந்துச்சு. என் பொண்டாட்டி அத யாரோ கடிச்சுட்டாங்கன்னு நெனச்சா.

கிசூ: அந்த இழுப்ப நம்பித்தானே நாம ரெண்டு பேரும் இங்க நிக்கிறோம்.

மன்சொக்: யோங்தால்.

யோங்தால்: என்ன?

மன்சொக்: அங்கேயே ஓட்டை போட்டா என்ன? போதுமே.

யோங்தால்: இங்க என்ன இருக்கு? முழங்கால் தண்ணி. பழைய ஆத்துப் பள்ளத்துக்கு மேல போகணும். மீன் அங்கதான் நிக்கும்.

மன்சொக்: அங்க அடியில நீரோட்டம் இருக்கும். ஐஸ் மெல்லிசா இருக்கும்.

யோங்தால்: எப்பவும்தான் இருக்கும். அதுக்குத்தானே கயிறு.

மன்சொக்: ஆமா... கயிறு.

யோங்தால்: என்னடா இழுக்குற?

மன்சொக்: ஒண்ணும் இல்ல. வெயில் நல்லா ஏறட்டும்னு சொன்னேன். இங்க வந்து சூடா டீ குடிச்சுட்டுப் போலாம்.

கிசூ: வெயில் ஏறினா ஐஸ் இளகும், அண்ணே. வருஷா வருஷம் இதச் சொல்லித்தானே எங்களக் கிளப்பிக் கூட்டிட்டு வருவீங்க? இன்னைக்கு என்ன தலைகீழா?

மன்சொக்: உன்ன யாரு கேட்டா?

யோங்தால்: ஒண்ணு... ரெண்டு... மூணு. கயிறு விடு.

மன்சொக்: யோங்தால், வேணாம்டா.

யோங்தால்: இருபதடி விடு.

கிசூ: அய்யோ... கேட்டுச்சா? அண்ணே, கீழ ஏதோ விரிசல் விட்டுச்சு. என் காலுக்கு அடியிலேர்ந்து அக்கரை வரைக்கும் ஓடிச்சு.

யோங்தால்: ஐஸ் முறுக்கிக்குது. காலையில அப்படித்தான் கத்தும். கத்துற ஐஸ் உடையாது. அசையாம நில்லு.

மன்சொக்: ரெண்டு பேரும் திரும்பி வாங்க.

யோங்தால்: ஒண்ணு... ஆங்.

கிசூ: என்ன ஆங்? அண்ணே, என்ன ஆங்?

யோங்தால்: கம்பி உள்ள போயிடுச்சு. ஒரே அடி.

கிசூ: அம்மாடி. இங்கேர்ந்து ஒண்ணும் தெரியலையே. படுத்துடட்டுமா? கைகால விரிச்சு?

யோங்தால்: நீ நில்லு. நான் மெல்லத் திரும்பப் பாக்குறேன். கால் வழுக்குது. மன்சொக், காலை ஊணிக்கிட்டியா? போனா ஒரே இழுப்பா இழுக்கணும், அன்னைக்கு மாதிரி.

மன்சொக்: யோங்தால், படு. வயித்தால ஊர்ந்து வா. என்ன நம்பாத.

யோங்தால்: என்னது?

மன்சொக்: என்ன நம்பாதன்னு சொல்றேன். என்னால இழுக்க முடியாது.

கிசூ: என்ன அண்ணே இந்த நேரத்துல...

மன்சொக்: நான் எழுபத்தெட்டு கிலோ இல்லடா. தராசுல ஏமாத்தினேன். கோட்டுக்குள்ள பெல்ட் கட்டியிருக்கேன். சொக்சோவுல என் மச்சான் கடல்ல முங்குறதுக்குக் கட்டுவானே, ஈய பெல்ட்டு. அது பத்து கிலோ. பைக்குள்ள வலைக்குண்டு ஒரு மூணு கிலோ.

கிசூ: பதிமூணு கிலோ ஈயமா?

மன்சொக்: நான் வெறும் அறுபத்தஞ்சு. அது கூடப் போன வாரம் பாத்தது. நீ உள்ள போனா நானும் உன் பின்னாடியே வருவேன், அவ்ளோதான். ஊர்ந்து வாடா, உன்னக் கும்பிட்டுக் கேக்குறேன்.

கிசூ: அப்போ இவ்ளோ நேரமா எங்களப் புடிச்சிட்டு இருந்தது யாரு?

மன்சொக்: யாரும் இல்ல.

கிசூ: ஏன் அண்ணே? எதுக்கு இப்படி ஒரு வேலை?

மன்சொக்: வயித்துல கட்டி. அக்டோபர்ல பாத்தாங்க. ஜனவரி ஏழாம் தேதி சியோல்ல ஆபரேஷன். முக்கால்வாசி வயித்த எடுத்துடுவாங்களாம்.

கிசூ: இத ஏன் அண்ணே எங்ககிட்ட சொல்லல?

மன்சொக்: அக்டோபர்லயே சொல்லியிருக்கலாம். சொன்னா என்ன ஆகும்? ஆத்துக்குக் கூப்பிட மாட்டீங்க. ஐஸுக்குக் கூப்பிட மாட்டீங்க. நீங்க ரெண்டு பேரும் வந்து, மீனப் புடிச்சு, பாலித்தீன் பையில போட்டு வீட்டுக் கதவுல மாட்டிட்டுப் போவீங்க. கத்திக்குப் பயம் இல்லடா எனக்கு. அந்தப் பைக்குத்தான் பயம். தராசு முள்ளு இறங்கினா நீங்க கண்டுபுடிச்சுடுவீங்களேன்னு ஈயத்தக் கட்டினேன். கயிறுன்னு ஒண்ணு இருக்குறது ஞாபகம் இருந்துச்சு. எட்டு வருஷமா ஒண்ணும் ஆகல, இன்னைக்கா ஆகப்போகுதுன்னு நெனச்சேன். தப்புதான். நான் பண்ணது கொலைக்குச் சமமான தப்பு. இப்ப நான் எழுந்து வர்றேன், கிசூ நீ அந்தப் பக்கம்...

யோங்தால்: உக்காருடா.

மன்சொக்: நான் வந்து...

யோங்தால்: உக்காருன்னேன். பதிமூணு கிலோ ஈயத்தோட ஐஸுல இறங்குறானாம். எழுந்திருக்காத.

கிசூ: யோங்தால் அண்ணே, நீங்க முதல்ல படுங்க. கம்பி உள்ள போன இடத்துல நின்னுட்டு என்ன அதிகாரம்?

யோங்தால்: கிசூ, நீ பேசாம இரு. மன்சொக், ஜனவரி ஏழுன்னா சொன்ன?

மன்சொக்: ஏழு. செவ்வாய்க்கிழமை.

யோங்தால்: டாக்டர் என்ன சொல்றான்?

மன்சொக்: ஆரம்பத்துலயே பாத்துட்டோம்னு சொல்றான். அவன் வேற என்ன சொல்லுவான்? ஊர்ந்து வாடா, பேச்சு அப்புறம்.

யோங்தால்: மிளகாய் விழுது திங்கலாமா?

மன்சொக்: என்ன?

யோங்தால்: ஒரே ஒரு மீன். முக்கித் திங்கலாமான்னு கேட்டேன்.

மன்சொக்: எனக்கு என்ன தெரியும்... ஒரு துளி பட்டா ஒண்ணும் ஆகாது. பைத்தியக்காரா, இப்ப எதுக்கு அது?

யோங்தால்: திரும்பிப் பாரு. உன் இடுப்பு முடிச்சுலேர்ந்து கயிறு பனிக்கு அடியில எங்க போகுதுன்னு. நீ ஷூவுக்கு முள்ளு மாட்டினப்பவே மரத்துல நாலு சுத்து சுத்திட்டேன். நவம்பர்ல ஆத்துல விழுந்தியே, அன்னைக்கு உன்ன ஒத்தக் கையால தூக்கினேன்டா, அன்னைக்கே தெரியும். வீட்டுக்குப் போய் எனக்குத் தூக்கம் வரல. இன்னைக்குக் கயிறு கட்டுறப்ப கையில ஈயம் தட்டுச்சு. கம்பி எங்கயும் உள்ள போகல, இங்க பன்னெண்டு சென்டி ஐஸ் இருக்கு, எருமை ஓட்டலாம். ஆத்துல விழுந்ததுலேர்ந்து ஒரு மாசமா நீ வாயத் திறக்கல, அதான் கம்பி போச்சுன்னு பொய் சொன்னேன். இப்ப அந்த ஈயத்த எல்லாம் கழட்டிக் கரையில வெச்சுட்டு, என் காலடி பாத்து நடந்து வா. நீ அறுபத்தஞ்சு, நான் அறுபத்தாறு. முதல் ஓட்டை உன்னுது.