ஏழாம் நம்பர் வீட்டுப் பாட்டு

ஐயோ, கிழிச்சிராதீங்கக்கா! கதவுல ஒட்டின காகிதத்தக் கிழிச்சா, ஏன் கிழிச்சீங்கன்னு கேட்டு இன்னொரு காகிதம் ஒட்டுவாங்க. இங்க அப்படித்தான். நான் பக்கத்து வீடுதான், எட்டாம் நம்பரு. இல்ல இல்ல, உள்ள வரல, நீங்க சாமானப் பிரிங்க. நான் இப்படி வாசல்லயே நின்னுக்கறேன். எனக்கு அதிகம் பேச வராது. யார வேணா கேட்டுப் பாருங்க, எட்டாம் நம்பர் பொண்ணுக்கு வாய் இருக்கான்னு. தெரியலையேம்பாங்க.

படிச்சீங்கல்ல? "மதிய நேரத்தில் உரத்த குரலில் பாடுவதைத் தவிர்க்கவும்." தவிர்க்கவுமாம்! நீங்க குடி வந்து ஆறு நாளு ஆகுது. தண்ணி எத்தன மணிக்கு வரும்னு சொல்ல ஒரு ஆளு இல்ல, காகிதம் ஒட்ட மட்டும் ஆளு இருக்கு. ஏய், பாப்பா, கைய எடு! அத இழுக்காத... பாருங்க, இதுக்கு ஒன்னே கால் வயசுதான் ஆகுது, எது ஒட்டியிருந்தாலும் பிச்சுரும்.

இந்தக் கட்டடத்துல எல்லாமே ஒரே மாதிரி இருக்கணும்க்கா. திரைச்சீலை எல்லாருக்கும் சந்தனக் கலரு. நான் பச்சையில பூப் போட்டது மாட்டினேன். ரொம்ப அழகா இருக்கேன்னு நம்ம அசோசியேஷன் செக்ரட்டரியம்மா சொன்னாங்க. மறுநாளும் வந்து அழகா இருக்குன்னாங்க. மூணாவது நாளும் சொன்னதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு, கழட்டிட்டேன். செருப்பு வெளிய கெடக்கக் கூடாது. துணி முன்பக்கம் காயக் கூடாது. குழந்த அழலாம், அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா அழும்போது நம்மளப் பாத்துச் சிரிப்பாங்க பாருங்க, அதுக்குத் திட்டிட்டாக்கூடப் பரவால்ல.

எங்க வீட்டுக்காரரு லிஃப்ட் ரிப்பேரு பாக்குறாரு. பெரிய பெரிய கட்டடமா ஏறி எறங்குற மனுசன். அவரு சொன்னாரு, "எல்லாரும் எப்படி இருக்காங்களோ அப்படியே இருந்துட்டுப் போயேன், உனக்கென்ன?"ன்னு. சரின்னு இருந்துட்டேன். போன்ல ஒரு குரூப்பு வெச்சிருக்காங்கல்ல, உங்களையும் சேத்திருப்பாங்களே... அதுல விடிஞ்சா பூவு, சாயங்காலம் ரூலு. எனக்கு அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு, எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துரும். அதனால எல்லாரும் கட்ட வெரல் படம் போட்டா நானும் கட்ட வெரலு. ஒருவாட்டி மேல் வீட்டுத் தாத்தா செத்துட்டாருன்னு போட்டிருக்காங்க, அதுக்கும் கட்ட வெரல் வெச்சுட்டேன். அந்த வீட்டம்மா இன்னும் எங்கிட்டப் பேசல. நானும் முன்னாடி பேசினதில்லங்கறதால பெருசா வித்தியாசம் தெரியல.

எங்க விட்டேன்? ஆங், சத்தம்.

நம்ம சமையக்கட்டுக்குப் பின்னாடி காத்துக்குன்னு ஒரு சந்து விட்டிருக்காங்கல்ல, கீழருந்து மொட்ட மாடி வரைக்கும்? அதுல ஒரு கரண்டி விழுந்தா இருபத்திநாலு வீட்டுக்கும் கேக்கும், ஆனா எந்த வீட்டுக் கரண்டின்னு தெரியாது. அப்படித்தான் ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு பாட்டு கேக்க ஆரம்பிச்சுது. மத்தியானம் ரெண்டு மணிக்கு. சினிமாப் பாட்டு இல்ல, சாமி பாட்டும் இல்ல. இருந்திருந்தா விட்டிருப்பாங்க. இது தெருவுல கெடக்குற பாட்டு...

உங்களுக்குக் கான்கிரீட்டு போடுறதப் பாத்துப் பழக்கம் உண்டாக்கா? இப்பல்லாம் வண்டி வந்து பைப்புல ஊத்திட்டுப் போயிருது. அப்ப பொம்பளைங்க வரிசையா சாரத்துல நிப்பாங்க. கீழருந்து கலவச் சட்டி கை மாறிக் கை மாறி மேல போகும், காலிச் சட்டி திரும்பி வரும். எங்கம்மா அந்த வரிசையில நடுவுல நிப்பாங்க. அவங்கதான் பாட்டு. அவங்க ஒரு வரி விட்டா மத்தவங்க ஒரு வரி. பாட்டு என்ன வேகமோ சட்டியும் அந்த வேகம். நான் கீழ மணல் குமிச்சல்ல தம்பிய வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்.

சட்டி வருது சட்டி வருது, கைய நீட்டடி – அந்த
மேஸ்திரி மீச வருது, மூஞ்சத் திருப்படி...

சிரிக்காதீங்கக்கா, பாட்டு அப்படித்தான். மூணு மாடி ஏறினாலும் முதுகு ஒண்ணுதான், அந்த மொதலாளிக்கு வயிறு மட்டும் மூணு மாடிதான்னு வரும். மேஸ்திரி அங்கயே நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாரு. அவருக்குக் கோவம் வராது. பாட்டு நின்னா வேல நின்னுரும்ல?

ஒருநாளு வரிசையில ஒருத்திக்குக் கை நடுங்குது. மாசமா இருந்தா, சொன்னா வேலய விட்டு நிறுத்திருவாங்கன்னு சொல்லல. எங்கம்மா பாத்தாங்க. ஒண்ணும் கேக்கல. பாட்ட இழுத்துட்டாங்க. "சட்டீ... வருதூ..."ன்னு அவ்ளோ இழுவை. மொத்த வரிசையும் மெதுவாயிருச்சு. "என்னாங்கடி பாட்டு, ஒப்பாரியா?"ன்னு மேஸ்திரி கத்துறாரு. எங்கம்மா மூஞ்சில ஒரு மாத்தமும் இல்ல. அன்னிக்கு முழுக்க திட்டெல்லாம் எங்கம்மாவுக்கு. அவளுக்கு ஒரு சொல்லு விழல.

இவ்ளோ எப்படித் தெரியும்னு பாக்குறீங்க. சொல்றேன். உங்க கதவுல காகிதம் ஒட்டினதுலருந்து எனக்குச் சோறு எறங்கல, அதச் சொல்லத்தான் வந்தேன். குழந்த முழிச்சுக்கிட்டு இருக்குறப்பவே வந்தேன், தூங்க வைக்கணும்னா மறுபடி பாடணும்ல...

ஆமாக்கா. நான்தான்.

போன்ல தாலாட்டு வெச்சுப் பாத்தேன். அதுல ஒரு பொம்பள மூக்கால பாடுது, இது போனப் புடுங்கி வாயில வெச்சுக்குது. மேஸ்திரியத் திட்டினாத்தான் தூங்குவேங்குது, நான் என்ன பண்ண? அதனால சமையக்கட்டுல பாத்திரம் தேச்சுக்கிட்டே, இடுப்புல இத வெச்சுக்கிட்டு பாடுவேன். அதக் கத்தித்தான் பாடணும், மெதுவாப் பாடற பாட்டு இல்ல அது. மேல மாடிக்குக் கேக்கணும்னு உண்டான பாட்டு.

குரூப்புல போட்டாங்க, "மதியம் இந்தச் சத்தம் யாருக்கெல்லாம் கேக்குது?"ன்னு. எல்லாரும் கட்ட வெரலு. நானும் வெச்சேன். கேக்குதே! எனக்குத்தான முதல்ல கேக்கும்? அப்பறம் "எந்த வீடு?"ன்னாங்க. யாருக்கும் தெரியல. எல்லாரும் தெரியல தெரியலன்னு போட்டாங்க. அடுத்து வீடு வீடா வந்து கேட்டா? எங்க வீட்டுக்காரரு என்ன சொல்லுவாரு? அப்பத்தான் இந்த வீடு ஞாபகம் வந்துச்சு. ஆளே இல்ல. பெயின்ட்டுக்காரங்க மட்டும் வந்து போயிட்டு இருந்தாங்க, அவங்கள்ல யாரோ பாடுறாங்கன்னு நெனச்சுக்குவாங்க. ஆளில்லாத வீட்டச் சொன்னா யாருக்கு என்னன்னு... 7ன்னு போட்டேன். அவ்ளோதான், ஒரு எழுத்து. இந்த மூணு வருசத்துல நான் குரூப்புல போட்ட முதல் எழுத்து அதுதான்.

குரூப்புல கை தட்டினாங்கக்கா. பதினொரு பேரு. எனக்கு யாரும் கை தட்டினதில்ல. நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

மறுநாள் செக்ரட்டரியம்மா வீட்டுக்கே வந்துட்டாங்க. "உனக்குக் காது நல்லாருக்கும்மா, நீதான் பொறுப்பு"ன்னு ஒரு நோட்டுக் குடுத்தாங்க. சத்தம் எப்ப ஆரம்பிக்குது, எப்ப முடியுதுன்னு எழுதணும். எழுதினேன். ரெண்டு பத்துக்கு ஆரம்பம், ரெண்டு நாப்பதுக்கு முடிஞ்சுது, ஏழாம் நம்பர். நேரத்துல ஒரு நிமிசம் பொய் இல்லக்கா. பாத்திரத்த வெச்சதும் கைய தொடச்சுட்டு நேரா போயி எழுதிருவேன்.

நீங்க வந்ததும் நிறுத்திரலாம்னுதான் இருந்தேன். முடியல. சரி, வீட்டு நம்பரையாவது மாத்தி எழுதலாம்னா, முன்ன எழுதினது பொய்யான்னு கேப்பாங்களே? அப்படியே எழுதிட்டு வந்தேன். அத வெச்சுத்தான் உங்களுக்கு இந்தக் காகிதம்.

திட்டுங்கக்கா. ஒரு வார்த்த திட்டுங்க.

நான் வந்தது... ஒரு ஒதவி கேக்கலாம்னுதான். நீங்க எழுதத் தெரிஞ்சவங்க, "நான் இல்லீங்க, வெளிய எங்கயோ கேக்குது"ன்னு ஒரு வரி போட்டுட்டீங்கன்னா...

என்னது? நேத்தே போட்டுட்டீங்களா? என்னன்னு? போனக் காட்டுங்க... "மன்... மன்னிக்கவும். இனி... பாட மாட்டேன்." ஏன்க்கா! நீங்க பாடவே இல்லையே! ...புது எடம், எதுக்கு வம்புன்னு போட்டீங்களா? அது சரி. நானும் அப்படித்தான் எல்லாமே போட்டேன்.

இருங்க, இதுக்குக் கீழ... இது என் படம்தான? அதுக்கும் நான் கட்ட வெரல் வெச்சிருக்கேன். படிக்கவே இல்லக்கா, எம் பாப்பா மேல சத்தியமா படிக்கல.

அப்ப இன்னிக்கு ரெண்டு மணிக்குச் சத்தம் வந்தா, ஒத்துக்கிட்டும் பாடுறாங்கன்னு உங்களத்தான் சொல்லுவாங்க. உங்க வீட்டு ஓனருக்கு எழுதிருவாங்க. போன வருசம் ஒரு குடும்பத்த அப்படித்தான் காலி பண்ண வெச்சாங்க, துணி முன்பக்கம் காஞ்சுதுன்னு.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. ரெண்டு மணிக்கு செக்ரட்டரியம்மா வீட்டுல போயி உக்காந்துக்கங்க. தண்ணி எப்ப வரும்னு கேளுங்க, அந்தம்மாவுக்கு அரை மணி நேரம் பேச விசயம் அது. நீங்க அங்க இருக்கும்போதே பாட்டு கேட்டா, நீங்க இல்லன்னு ஆயிரும்ல? ...ஆமா. அப்ப யாருன்னு கண்டுபுடிக்கச் சொல்லி மறுபடி நோட்ட எங்கிட்டத்தான் குடுப்பாங்க. நானும் அடுத்து பூட்டின வீடு எதுன்னு பாப்பேன். என்னப் பத்தி எனக்குத் தெரியாதா?

சரிக்கா. அப்படி வேணாம். நீங்க பேசிட்டே இருங்க, சத்தம் வந்ததும் அந்தம்மாவக் கைய புடிச்சுக் கூட்டிக்கிட்டு மாடி எறங்கி நேரா எங்க வீட்டுக்கு வாங்க. கதவத் தொறந்தே வெக்கிறேன். நீங்க வர்றப்ப பாட்டு மேஸ்திரி மீசையில இருந்தாலும் நிறுத்த மாட்டேன். நான்தான்னு அவங்க மூஞ்சியப் பாத்து எனக்குச் சொல்ல வராதுக்கா. பாட வரும்.