பாதிக் காதும் வெற்றுச் சட்டமும்

அவைக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியர் அவர்களே, சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்துவிட்டு இருமலோடு வந்திருக்கும் என் தோழர்களே, கரி படிந்த சட்டைகளைத் துவைத்துத் துவைத்தே கை தேய்ந்த தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் தலை தாழ்ந்த வணக்கம்.

எழுத்தறியாதவன் நான். ஆனால் இந்தக் கங்வொன் மலைக்குள் இறங்கி மேலே வராதவர்களின் முகங்களை அறிந்தவன். கணக்குப் பாடத்துக்கு நேரம் போதவில்லையாம். பிள்ளைகளின் ஓவிய வகுப்பை எடுத்துவிடப் போகிறார்களாம். அதற்குச் சம்மதித்துக் கை தூக்குவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

குழிக்குள் இறங்குகிறவன் புகைப்படம் எடுத்துக்கொள்ள மாட்டான். உயிரோடு இருக்கும்போதே சாவுப் படத்தைத் தயார் செய்வதா என்ற அச்சம் நமக்கு. என்னோடு குழியில் இறங்கிய மா தொக்சுவும் எடுத்துக்கொள்ளவில்லை. அவன் மகள் ஒக்பூன் அப்போது இந்தப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. 'பார்த்ததை வரை' என்று ஆசிரியை சொன்னதும் அப்பனை வரைந்தாள். கழுவியும் போகாத கண்ணோரக் கரி. பாறை தின்ற பாதிக் காது.

“ஏன்டி, அப்பன் காதை எலி தின்னுடுச்சா?” என்று முறைத்தான் தொக்சு.

“இருக்கறதத்தானே வரைஞ்சிருக்கா? முழுக் காது வேணும்னா சந்தையில வாங்கி மாட்டிக்குங்க” என்றாள் அவன் மனைவி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சோஜு மதுக் கிண்ணத்தோடு அங்கே உட்கார்ந்து நானும் சிரித்தவன்தான்.

அந்தக் குளிர்காலத்தில் சுரங்கத்தின் கூரை இறங்கியது. உள்ளே தொக்சு. உள்ளே என் தோழன் பியோ கில்மான். உடல்கள் வரவில்லை. கட்டாயத்துக்காக எடுத்த ஒரே படம் ஒட்டி, சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டைகளும் வரவில்லை. எதன் முன்னால் ஊதுபத்தி ஏற்றுவது? எதன் முன்னால் விழுந்து வணங்குவது? ஒக்பூன் தன் தாளை நீட்டினாள். சட்டத்தில் மாட்டிக் கறுப்பு நாடா கட்டினோம். அதுவரை அழாத அவள் தாய் அந்தப் பாதிக் காதைத் தொட்டாள். “வந்துட்டீங்களா, ஒக்பூன் அப்பா!” என்று கதறினாள்.

பக்கத்திலேயே பியோவின் சட்டம். வெறும் கண்ணாடி. அவன் மகன் சொக்ஜு படித்த மேல்மலைப் பள்ளியில் ஓவியம் கிடையாது. கணக்கு உண்டு. கணக்கில் அவன்தான் முதல்!

யாரது, “நேரமாச்சு தாத்தா” என்பது? எனக்கும்தான் நேரமாகிவிட்டது, தம்பி.

சொக்ஜு வளர்ந்துவிட்டான். போன வாரம் என்னிடம் வந்தான்.

“மாமா, எங்கப்பா மூக்கு என்னோடது மாதிரியா இருக்கும்?”

“இன்னும் கொஞ்சம் அகலம்டா.”

“எங்க, வரைஞ்சு காட்டுங்க.”

பென்சிலைப் பிடித்தேன். பாறை உடைத்த கை உருளைக்கிழங்கைத்தான் வரைந்தது.

“இதுவா மாமா?”

“இல்லடா.”

மறுபடி வரைந்தேன். மறுபடி இல்லை. புளித்த கிம்ச்சி ஊறுகாயைக் கடித்தால் பியோவின் மேலுதடு ஒரு பக்கம் கோணும், இப்போதும் பார்க்கிறேன். தலைக்குள் இருக்கிறது, கைக்கு வரவில்லை. என் மூச்சு இந்தக் குளிரைத் தாண்டாது என்கிறார் மருத்துவர். நான் போகும் நாளில் பியோ இரண்டாம் முறை புதைவான்.

கணக்கு வேண்டாம் என்றா சொல்கிறேன்? எத்தனை பேர் செத்தார்கள் என்று கணக்கு சொல்லும். செத்தது யார் என்று எது சொல்லும்?

மூன்றாம் வரிசையில் சொக்ஜு உட்கார்ந்திருக்கிறான். அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கை தூக்குங்கள். என் இருமலையும் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.