ஹாம்பர்க் விருந்தும் வடைப் பொட்டலமும்

கிள்ளான் போகும் காலை ரயிலில், எனக்கு எதிர் பெஞ்சில் இருந்த, ரப்பர் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி, பக்கத்திலிருந்த துணிக்கடைக்காரரிடம் சொன்னார்: "ஜெர்மனியில என் மரியாதையாலயே நான் பட்டினி கிடந்தேன் தம்பி."

"என்னண்ணே சொல்றீங்க?"

"துரையோட ஹாம்பர்க் போயிருந்தேன்லா, அங்க ஒரு வீட்டுல விருந்து. ஏழு மணிக்குக் கூப்பிட்டாங்க, நான் பெரிய மனுசனாட்டம் எட்டுக்குப் போறேன். எல்லாரும் தட்டுக்கு முன்னாடி எனக்காகக் காத்திருக்காங்க! வீட்டம்மா வாத்துக்கறியை நீட்டினாங்க. 'வேண்டாம்மா'ன்னேன்."

"ஏண்ணே?"

"கேட்டதும் வாங்கினா சோத்துக்கு அலையறவன்னு நினைப்பாங்கல்ல? மூணாவது தடவை கேக்கட்டும், ஒரு கை பாக்கலாம்னு இருந்தேன். அந்தம்மா சிரிச்சிட்டு, பாத்திரத்தை அடுத்த ஆளுகிட்ட குடுத்துட்டாங்க. உருளைக்கிழங்கும் அப்படியே போச்சு. கேக்கும் போச்சு. அங்க வேண்டாம்னா வேண்டாம்தான்."

"அப்புறமாவது புத்தி வந்துச்சா?"

"வராம? இப்பல்லாம் யார் எதை நீட்டினாலும் உடனே வாங்கிக்குவேன்."

பத்து தீகா ஸ்டேஷன் தாண்டியதும் துணிக்கடைக்காரர் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். சூடான உளுந்து வடை.

"எடுங்கண்ணே."

"ஐயோ, வேண்டாம் தம்பி. இப்பத்தான் பசியாறினேன்."

"சரிண்ணே" என்று அவர் தனியாகத் தின்ன ஆரம்பித்தார்.

கிள்ளான் வரும்வரை கிராணியின் கண் அந்தப் பொட்டலத்தை விட்டு நகரவில்லை.