பின்பலகையைத் தட்டிப் பார்த்தவன்

பழைய வேகப்படகு வாங்குகிறவர்கள் முதலில் என்ஜினைத்தான் பார்க்கிறார்கள். அது தப்பு சார். என்ஜினை மாற்றிக்கொள்ளலாம், அது தொங்குகிற பின்பலகையைத்தான் பார்க்க வேண்டும். வெளியே ஃபைபர் பூச்சு பளபளவென்று இருக்கும், உள்ளே மரம் ஊறிப்போயிருக்கும். சுத்தியல் பிடியால் தட்டினால் தெரிந்துவிடும். நல்ல பலகை 'டொக்' என்று பதில் சொல்லும். ஊறிய பலகை 'பொத்' என்று அடங்கிவிடும்.

லூபோக் சீனா கிராமத்தைத் தாண்டி, ஆற்றோரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த அந்தக் கேட்டமரனைக் கண்டுபிடித்தவன் நான். இரண்டு ஒல்லி உடம்பு, நடுவில் காற்று புகுந்து ஓட இடைவெளி, ஒரு காலத்தில் பந்தயம் ஓடிய படகு. ஆசை தாங்காமல் என் தங்கை பாட்ரீசியாவின் புருஷன் டெஸ்மண்டிடம் சொல்லித் தொலைத்தேன். அடுத்த வாரமே அதை லோரியில் ஏற்றி, புக்கிட் காத்திலில் என் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்கினான்.

"படகு நான் வாங்கிட்டேன் மச்சான். புது என்ஜின் போட்டு நீங்க ரெடி பண்ணிக் கொடுங்கலா," என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான்.

பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். கசப்பு என்று எழுதுங்கள், அது வேறு. எங்கள் குடும்பத்துக்குள் அவன் காலடி வைத்த நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் "டெஸ்மண்ட கூப்பிடு" என்பதுதான் பேச்சு. அப்பா சாகும்போது கூப்பிட்டதும் அவன் பெயரைத்தான். நான் அதே கட்டிலில் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிப்பது என் வேலை. ஓய்வு நாட்களில் படகில் உட்கார்ந்தேன். பழைய என்ஜின்களைக் கழற்றிவிட்டுத் தட்டினேன். பொத். இடப்பக்கம், வலப்பக்கம், கீழே, எங்கும் அதே சத்தம். ஒரு போல்ட்டை உருவியபோது துளையிலிருந்து கறுப்புத் தண்ணீர் கசிந்தது. அந்த நேரம் பார்த்து டெஸ்மண்ட் எனக்கு ஒரு கிளாஸ் தே தாரிக் டீ வாங்கிக்கொண்டு வந்து நின்றான்.

"என்ன மச்சான், தட்டிக்கிட்டே இருக்கீங்க? ஓக்கேவா?"

"கல்லு மாதிரி இருக்கு," என்றேன்.

மறு கேள்வி கேட்கவில்லை. அவன் என்னை நம்புவதும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பழையவற்றைவிடக் கனமான, வேகமான இரண்டு என்ஜின்களை அந்தப் பலகையிலேயே மாட்டினேன். ஓட்டைகளை அடைத்துச் சிவப்புச் சாயம் பூசினேன். டெஸ்மண்ட் தன் மகள் பெயரை எழுதினான்: கிளாரிசா. வேலை சுத்தமாக இருந்தது, அதில் எனக்குப் பெருமைதான்.

யாராக இருந்தாலும் ஆளை ஏற்றுமுன் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். பார்த்திருந்தால் பலகை முனகியிருக்கும், விரிசல் தெரிந்திருக்கும். ஆனால் டெஸ்மண்ட் பக்திமான்.

"ஃபாதர் மந்திரிக்காம தண்ணில இறக்கக்கூடாது மச்சான். சான் பெட்ரோ திருநாளுக்கு எல்லாப் படகையும் மந்திரிப்பாங்க, அன்னிக்கு இறக்குவோம்."

"அதான் சரி. மொதல்ல தீர்த்தம், அப்புறம் வேகம்," என்றேன்.

திருநாளன்று ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அது என் சாயத்தின் மேல் பட்டு வழிந்து ஓடியது. மந்திரித்த படகில் முதல் சுற்று பெண்சாதியோடுதான் போக வேண்டும் என்பது டெஸ்மண்டின் பிடிவாதம். மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான், எனக்குத் தெரியும்.

"அண்ணே, நீங்களும் வாங்களேன்," என்றாள் பாட்ரீசியா.

"அடுத்த ரவுண்ட் வரேன்."

அவள் ஏறுவதற்கு ஒரு கை கொடுத்தேன். மறு கையில் கிளாரிசாவின் மணிக்கட்டு இருந்தது. குழந்தை அழுதது, உதைத்தது, என் கையைக் கடித்தது. நான் விடவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள் சார், நான் விடவில்லை.

கரையோரம் ஒரு சுற்று மெதுவாக வந்தார்கள். பாட்ரீசியா கையசைத்தாள். பிறகு அவன் முழு வேகம் கொடுத்தான். படகு தண்ணீரைவிட்டு எழும்பி ஓடியது, அழகாகத்தான் இருந்தது. பலகை பிய்ந்து என்ஜின்கள் விழுந்ததும் குப்புறப் புரண்டது. மீதியை உங்கள் புகைப்படங்களில் பார்த்திருப்பீர்கள்.

ஆண்டவர் சித்தம் என்றார்கள். நீங்களும் விபத்து என்று முடித்துவிட்டீர்கள். நானாக வந்திருப்பது கிளாரிசாவால். அவள் இப்போது என்னிடம்தான் வளர்கிறாள். தலை வாரிவிடுவதும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவதும் நான்தான். நேற்று சாப்பிடும்போது கேட்டாள்.

"மாமா, அன்னிக்கு என்னை மட்டும் ஏன் புடிச்சு வச்சீங்க?"

"லைஃப் ஜாக்கெட் ரெண்டுதான் இருந்துச்சும்மா."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "நான்தான் என் பிங்க் ஜாக்கெட்ட போட்டிருந்தேனே மாமா. நீங்கதானே மாட்டிவிட்டீங்க?"

காலையில் அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். பலகை ஊறியிருந்தது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் மாட்டினேன், தெரிந்தேதான் தங்கைக்குக் கை கொடுத்தேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சார், அன்றைக்கு ஒரு பிள்ளையைக் காப்பாற்றியவன் நான் என்பதையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.