கைவிரல் எதுக்கு வலிக்கணும்?

சரி... பிரசங்கம் இவ்வளவு போதும். வேளாங்கண்ணிக்கு நடக்கக் காவி கட்டிட்டு உக்காந்திருக்கீங்க, எப்படா விடுவாரு, எப்படா கிளம்பலாம்னு இருக்கு உங்களுக்கு. ஒரு சின்னக் கதை சொல்றேன், அதையும் மூட்டையில கட்டிக்கிட்டுக் கிளம்புங்க. சிரிக்கிற கதை இல்ல. போன வருஷம் நம்ம பங்குலயே நடந்தது. அந்த வீட்டுக்காரங்ககிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்.

நம்ம சிங்கராயரை எல்லாருக்கும் தெரியும். டிராக்டர் ஓட்டுறவரு. கல்யாணமாகி ஒன்பது வருஷமாப் புள்ள இல்ல. போன வருஷம் அவரு சம்சாரம் அமலி உண்டாயிருந்துச்சு... எட்டு மாசம். "தாயும் புள்ளயும் நல்லபடியாப் பொழைக்கணும், வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றேன்"னு நேர்ந்துக்கிட்டாரு. உங்கள மாதிரியே இந்தக் கோயில் வாசப்படியில நின்னு, என் கையால செபமாலை வாங்கிப் போட்டுக்கிட்டுக் கிளம்புனாரு.

நீங்கல்லாம் எப்படி நடப்பீங்க? வெயிலுக்குப் பயந்து ராத்திரியில நடப்பீங்க, பகல்ல எங்கயாவது நிழல் பாத்துத் தூங்குவீங்க. அவரும் கூடப் போனவங்களும் அப்படித்தான். ரெண்டாம் நாள் ஒரு தென்னந்தோப்புல படுத்தாங்க. சுத்தி என்ன கிடந்துச்சு? முன்னாடி போன கூட்டம் குடிச்சுப் போட்ட எளநிக்கூடு, பேப்பர் கப்பு... எல்லாத்துலயும் மழைத்தண்ணி. கூட வந்த ஒருத்தர் கொசுவுக்குத் தடவுற களிம்பை நீட்டியிருக்காரு. "இந்தாங்க சிங்கராயரே, கை காலுல தடவிக்கங்க." இவரு என்ன சொன்னாரு தெரியுமா? "பட்டப்பகல்ல என்னய்யா கொசு? ராத்திரி பாத்துக்கலாம்."

சிக்குன்குனியாவைக் கொண்டுவர்றது பகல்ல கடிக்கிற கொசுய்யா. முழிச்சிருக்கிறவன் தட்டி விட்ருவான். பகல்ல அசந்து தூங்குறவன் என்ன பண்ணுவான்?

ஆறாம் நாள் திடீர்னு காய்ச்சல். கணுக்கால் வீங்கிப்போச்சு. கூட வந்தவங்க கேலி பண்றாங்க. "டிராக்டர்லயே உக்காந்து பழகுன காலு, நடக்கச் சொன்னா கோவிச்சுக்குது." அவரும் சிரிச்சுக்கிட்டே நொண்டி நொண்டி நடந்திருக்காரு. சாயங்காலம் எனக்குப் போன் பண்ணுனாரு.

"சாமி, காய்ச்சலா இருக்கு. மூட்டு மூட்டா வலிக்குது."

"அவ்வளவு தூரம் நடந்தா வலிக்காம இருக்குமாப்பா?"

"இல்ல சாமி... கைவிரலும் வலிக்குது. செபமாலை மணியை உருட்ட முடியல."

அப்ப நான் என்ன சொல்லியிருக்கணும்? "உடனே டாக்டரைப் பாரு"ன்னு சொல்லியிருக்கணும். நான் சொன்னது... "அந்த வேதனையை ஆண்டவருக்குக் காணிக்கையா ஒப்புக்கொடுப்பா. உம் புள்ளைக்காக ஒப்புக்கொடு. மாதா பாத்துக்குவாங்க."

"சரிங்க சாமி"ன்னு வச்சுட்டாரு.

நடக்குறது காலு. கைவிரல் எதுக்கு வலிக்கணும்? சாமியாராகுறதுக்குப் பன்னிரண்டு வருஷம் குருமடத்துல படிச்சேன்... அந்த ஒரு கேள்வி எனக்குத் தோணல.

நடந்து முடிச்சாரு. மெழுகுவர்த்தி ஏத்திட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்து படுத்துட்டாரு. கொசுவலை இல்ல. கொல்லையில தண்ணி பிடிச்சு வச்ச டிரம், அதுக்கு மூடி இல்ல. நிறைமாசக்காரி பக்கத்துல உக்காந்து புருஷனுக்குக் கால் அமுக்கி விட்டுச்சு. தொட்டதால இது ஒட்டாது. ஆனா அந்த வீட்டுல கொசு இருந்துச்சே... அவரைக் கடிச்ச கொசு, கொஞ்ச நாள் கழிச்சு அமலியைக் கடிச்சுது.

அமலிக்குக் காய்ச்சல் வந்த மறுநாளே பிரசவ வலி எடுத்துருச்சு. பொம்பளப் புள்ள. நல்லா அழுதுச்சு. சிங்கராயரு எனக்கு மிட்டாய் கொண்டாந்து குடுத்தாரு. மூணாம் நாள் புள்ள பால் குடிக்கல. உடம்பு கொதிக்குது. மூக்கு மேல கருகருன்னு ஆகுது. அப்புறம் வலிப்பு.

டாக்டரம்மா கேட்டாங்க, "வீட்டுல வேற யாருக்காவது காய்ச்சல், மூட்டுவலி இருந்துச்சா? யாராவது வெளியூர் போயிட்டு வந்தீங்களா?"

"நான்தாம்மா"ன்னாரு சிங்கராயரு. "இந்தப் புள்ளைக்காகத்தான் போயிட்டு வந்தேன்."

ரத்தம் எடுத்துப் பாத்தா சிக்குன்குனியா, பிரசவத்தப்ப தாய்கிட்டருந்து புள்ளைக்குப் போயிருக்கு. புள்ள பொழச்சுது. பதினோரு மாசம் ஆகுது... இன்னும் தலை நிக்கல. சிங்கராயருக்கு இன்னைக்கும் காலையில எந்திரிச்சா விரல் மடங்காது. நான் பாக்கப் போயிருந்தேன். அவரு என்மேல கோவப்படல. கோவப்பட்டிருந்தாத் தேவல. ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "சாமி... நான் ஒழுங்காத்தான ஒப்புக்கொடுத்தேன்?"

 

ஏன் சொல்றேன் இதை? பயமுறுத்தவா? ஆமா, கொஞ்சம் பயப்படுங்க. கால் வலியை ஒப்புக்கொடுங்க, வெயிலை ஒப்புக்கொடுங்க, பசியை ஒப்புக்கொடுங்க. திடீர்னு காய்ச்சலடிச்சு, மூட்டு வலிச்சா... அதை ஒப்புக்கொடுக்காதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. டெங்குவும் இப்படித்தான் ஆரம்பிக்கும். டெங்குவா இருந்தா சில வலி மாத்திரை உள்ள ரத்தம் கசிய வச்சிரும், அதனால நீங்களா ஒரு வலி மாத்திரையை வாங்கி முழுங்காதீங்க. எங்கெங்க போயிட்டு வந்தீங்கன்னு மறக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க. பகல்ல படுக்கும்போது முழுக்கை சட்டை போடுங்க, களிம்பு தடவுங்க, வலைக்குள்ள படுங்க. படுக்குற இடத்துல கிடக்குற கப்பையும் கூட்டையும் கவுத்துக் கொட்டுங்க. அதுவும் புண்ணியந்தான். காய்ச்சலோட திரும்பி வந்தீங்கன்னா, ஒரு வாரமாவது வீட்டுல கொசு கடிக்காம வலைக்குள்ள இருங்க. உங்களுக்காக இல்ல. உங்க வீட்டுல இருக்குறவங்களுக்காக.

நான் இப்ப வாசல்ல நின்னு செபமாலை தருவேன். பக்கத்துல அமலி நிக்கும். ஆளுக்கு ஒரு களிம்பு டியூப் தரும். "சும்மா இருக்கட்டும்"னு வாங்கிப் பையில போட்டுட்டுப் போயிடாதீங்க. வாங்கும்போது... அமலி தோள்ல சாஞ்சு கிடக்குற புள்ளையை ஒரு தரம் பாருங்க. பாத்துட்டு நடங்க.