மூன்றாவது ஓலை

லூயிஸ்: ...அப்புறமென்ன, நாளைக்குப் பெரிய பூசையிலே மூணாவது கல்யாண ஓலை. சாமியார் நம்ம ரெண்டு பேர் பேரையும் வாசிச்சு, 'கல்யாணத்துக்குத் தடை தெரிஞ்சவங்க சொல்லுங்க'ன்னு கேட்பார். ஒருத்தர் வாயைத் திறக்கட்டும் பார்க்கலாம்! புதன்கிழமை கல்யாணம்.

நோரா: அது சரி. மே மாசத்துலே, சாந்தோம் கடற்கரையிலே, எதுக்கு இந்தக் கம்பளிக் கோட்டு?

லூயிஸ்: கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தான்னா ஒரு... மிடுக்கு வேணாமா?

நோரா: உங்க கலெக்டரே சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டுத்தான் போறார்.

லூயிஸ்: அவர் சீமையிலேருந்து வந்தவர். வேர்க்கும்.

நோரா: உங்களுக்கு?

லூயிஸ்: ...முன்னே வேர்க்கும்.

நோரா: முன்னேன்னா?

லூயிஸ்: தலைவலிக்கு வைத்தியம் பண்ணிக்கிட்டேனே, அதுக்கு முன்னே. சாதாரண வைத்தியமா அது? எக்ஸ்ரே மிஷின்! நம்ம கோயில் பங்கிலே வேற யாருக்குக் கிடைச்சிருக்கு, சொல்லு.

நோரா: ஆபீஸ் வேலையா பெங்களூர் போயிருந்தீங்கன்னு உங்கம்மா சொன்னாங்களே?

லூயிஸ்: அம்மாவுக்கு... பெங்களூர்னா ரொம்பப் பிடிக்கும்.

நோரா: மிஷின் வெச்சு எதைச் சுட்டாங்க?

லூயிஸ்: மூளைக்கு அடியிலே ஒரு சுரப்பி. பட்டாணி அளவுதான். அதிலே ஒரு கட்டி. ஆனா பாரு, அந்தப் பட்டாணிதான் உடம்புக்கே கலெக்டராம்! அது உத்தரவு போட்டாத்தான் மத்த சுரப்பியெல்லாம் வேலை செய்யுமாம். எனக்கு வந்த வியாதியிலேகூட ஒரு கௌரவம்!

நோரா: கட்டியைச் சுட்டப்போ கலெக்டருக்கும் சூடு பட்டிருக்குமே?

லூயிஸ்: ...லேசா.

நோரா: அப்போ கீழே இருக்கிற தாசில்தாரெல்லாம்?

லூயிஸ்: ஏதோ... மெதுவா நடக்கும். ஆபீஸ்னா அப்படித்தானே.

நோரா: மீசைத் தாசில்தார் லீவிலே போயிட்டார் போலிருக்கு.

லூயிஸ்: போ நோரா! அது நானே எடுத்தது. சீமை பிளேடு.

நோரா: சீமை சோப்பு ஒத்துக்காம உதிர்ந்துடுச்சுன்னாங்க உங்கம்மா.

லூயிஸ்: சோப்பு போடாம பிளேடு எப்படிப் போடறதாம்?

நோரா: சரி... டாக்டர் வேற ஒண்ணும் சொல்லலையா?

லூயிஸ்: என்ன சொல்வார்? நல்லா சாப்பிடச் சொன்னார். இதைக் கேளு. முதல் பையனுக்கு எங்க தாத்தா பேரு, பவுல்சாமி. ரெண்டாவது பையன் சாமியாராகக் குருமடத்துக்கு. அம்மா முடிவே பண்ணிட்டாங்க.

நோரா: பிறக்கலைன்னா?

லூயிஸ்: ஏன் பிறக்காம... அப்படி ஏதாவதுன்னா உன்னை வேளாங்கண்ணிக்கு அழைச்சுக்கிட்டு வர்றதா அம்மா நேர்ந்துக்கிட்டிருக்காங்க.

நோரா: என்னையா?

லூயிஸ்: வழக்கமா... பொம்பளைங்களைத்தானே அழைச்சுக்கிட்டுப் போவாங்க.

நோரா: ம்... எங்கிட்டே சொல்றதுக்கு வேற ஒண்ணுமே இல்லையா? நல்லா யோசிச்சு...

லூயிஸ்: இதிலே யோசிக்க என்ன இருக்கு? சத்தியமா ஒண்ணுமில்லே. ஏன் எழுந்துட்டே? உட்காரு.

நோரா: நாளைக்கு நம்ம பேரை வாசிக்க மாட்டாங்க. சாமியார்கிட்டே வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்.

லூயிஸ்: நோரா! ... எனக்குக் குழந்தை பிறக்காதுன்னு டாக்டர் சொன்னதை... உங்கிட்டே யாரு...

நோரா: எங்க மர்சலின் சித்தி நீங்க படுத்திருந்த வார்டிலே நர்ஸ். முதல் ஓலைக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் சம்மதம்னேன். இன்னிக்காவது அந்த உண்மை உங்க வாயாலே வந்தா, ஓடிப்போய் வாசிக்கச் சொல்லிடலாம்னுதான் இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.