தட்டில மேல கிடந்த ரெண்டு

இல்லை அண்ணை, பிஸ்டலில ஒரு பிழையும் இல்லை. அந்தப் பிஸ்டலை மண்ணுக்குள்ள தாட்டு வைச்சிட்டுப் பத்து வருசம் கழிச்சு எடுத்தாலும் சுடும். பிழை மகசீனில. பிடிக்குள்ள செருகிற ரவைக்கூடு, ரவையெல்லாம் அதுக்குள்ளதான் அடுக்கிக் கிடக்கும். நீங்கள் முதல்ல இருங்கோ, தேத்தண்ணியைக் குடியுங்கோ. சீனி காணுமோ? என்ர மனிசி துர்க்கா வேலைக்குப் போட்டா, அவ இருந்தா வடிவா ஊத்தித் தந்திருப்பா. இல்லை, அவ இல்லாத நேரம் நீங்கள் வந்ததும் நல்லதுதான்.

ஓம், றிப்போட்டை வாசிச்சனான். நீங்கள் போனில அனுப்பின உடனயே வாசிச்சனான். நாளையான் விசாரணைக்கெண்டு கொம்பனியின்ர லோயர் வடிவாத்தான் எழுதியிருக்கிறான். றெமிஜியஸ் தன்ர சாமான்களை ஒழுங்காப் பாக்கேல்லையாம், பழுது எண்டு தெரிஞ்சும் அறிவிக்கேல்லையாம். செத்தவன் வந்து மறுத்துச் சொல்லப்போறானே.

என்னது? சேர்ச்சிலயும் கதைக்கினமோ? பயந்து விறைச்சுப் போய் நிண்டவன் எண்டோ? கிளடிசின்ர காதில விழுந்திட்டுதோ உது? ஐயோ, புருசனைத் தாட்டு ஈரம் காயேல்லை, அதுக்குள்ள அந்தப் பிள்ளைக்கு உதையும் கேக்கவேணுமே. உந்தச் சனம் ஒரு நாளைக்குப் பாங் காசு ஏத்திற அந்த வானுக்குப் பின்னால காசுப் பெட்டியோட நிண்டு பாக்கவேணும். பொய் அண்ணை. உங்கட தம்பி பயப்பிடேல்லை. நான் கண்டனான், இந்தா உங்களுக்கும் எனக்கும் இடையில கிடக்கிற தூரம்தான்.

சொல்லுறன். நீங்கள் கேக்கத்தானே மார்க்கம் ரவுணிலயிருந்து வெளிக்கிட்டு வந்தனீங்கள்.

காலமை பத்தரை மணி. நல்ல வெயில், கரையில குவிச்சு விட்ட ஸ்நோ கரைஞ்சு ஓடுது. ஸ்காபரோவில ஒரு பிளாசா, உள்ளுக்குப் பாங் இருக்கு. அண்டைக்கு நான் ட்ரைவர். ட்ரைவர் எண்டா கதவைத் திறக்கக் கூடாது. வெளியில ஆர் செத்தாலும் திறக்கக் கூடாது, அது சட்டம், கையெழுத்து வைச்சுக் குடுத்த சட்டம். றெமி பையோட வெளியில வாறான். ரெண்டு பேர் முகத்தை மூடிக்கொண்டு ஒரு வெள்ளைக் காருக்குப் பின்னாலயிருந்து எழும்பினாங்கள். சத்தம் போடேல்லை, காசைத் தா எண்டு கேக்கேல்லை. எழும்பின உடன சுட்டாங்கள்.

முதல் வெடி றெமியின்ர ஜக்கெற்றில பிடிச்சுது. உள்ளுக்குக் கவசம் இருந்தபடியால் பின்னுக்குத் தள்ளிச்சுதே தவிர விழேல்லை. பையைப் போட்டிட்டு என்ர வானின்ர சில்லோட ஒட்டிக்கொண்டு முழங்காலில இருந்தான். இருந்து திருப்பிச் சுட்டான். பத்து ரவை. இந்த நாட்டில பிஸ்டல் மகசீனுக்கு அவ்வளவுதான், பத்துக்கு மேல போடக் கூடாது. பத்தும் போச்சு, ஒண்டும் சிக்கேல்லை. அந்த மகசீன் துவக்கோட வந்த பழசு. ஒருத்தனுக்குத் துடையில பிடிச்சு அவன் அந்த உருகின தண்ணிக்குள்ள விழுந்து உருண்டு குழறினான். தண்ணியெல்லாம் சிவப்பு. மற்றவன் காருக்குப் பின்னால பதுங்கிட்டான். அண்ணை, அந்த நேரம் றெமி வெண்டு கொண்டிருந்தவன். அதை நீங்கள் நாளைக்கு ஆருக்கெண்டாலும் சொல்லுங்கோ.

பிறகுதான் பெல்ட்டில இருந்த ஸ்பெயார் மகசீன். ரெண்டு கொண்டு போறது நாங்கள். முதலாவதைச் செருகினான், ஒரு வெடி போச்சு, அடுத்த ரவை மூக்குக் குத்தி நிண்டிட்டுது. கழட்டி எறிஞ்சான். கை நடுங்கேல்லை அண்ணை, நான் அந்தக் கையைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். ரெண்டாவதைச் செருகினான், மேல் ஸ்லைட்டை இழுத்து விட்டான். அந்த மகசீன் ஒரு ரவையையுமே மேல தூக்கேல்லை. இழுத்தான். திரும்ப இழுத்தான்.

காருக்குப் பின்னால நிண்டவனுக்கு அது விளங்கீற்றுது. சுட்டுக்கொண்டிருந்தவன் திடீரெண்டு நிப்பாட்டினா ஏன் எண்டு எவனுக்கும் விளங்கும். அவன் ஓடேல்லை, நடந்து வந்தான். கடைக்குச் சாமான் வாங்க வாற மாதிரி நடந்து வந்து, இந்த இடத்தில, கழுத்துக்குக் கீழ, ரெண்டு தரம். றெமி எழும்பி என்ர பக்கக் கண்ணாடியில கையை அடிச்சான். இரத்தக் கை. ஐஞ்சு விரலும் அப்பிடியே கண்ணாடியில வழுக்கிக்கொண்டு கீழ போச்சுது.

திறக்கேல்லை. நான் திறக்கேல்லை அண்ணை. கொம்பனி அதுக்கு எனக்கு ஒரு கடிதம் தந்தது, சட்டத்தை ஒழுங்காப் பின்பற்றினதுக்கு. உந்த மேசை லாச்சிக்குள்ள கிடக்கு, பாக்கிறியளோ? சரி, வேண்டாம்.

அழுங்கோ. அதுக்கென்ன, அழுங்கோ. கண்ணைத் துடைக்க உதில பேப்பர் கிடக்கு.

மகசீன் ஏன் சிக்கினது எண்டோ? அந்த ஸ்ரேப்ளரை எடுங்கோ, மெயில் கட்டுக்குப் பக்கத்தில. திறந்து பாருங்கோ. பின்னால ஒரு ஸ்பிரிங் இருந்து கம்பியெல்லாத்தையும் முன்னுக்குத் தள்ளுது, சரியே? மகசீனும் உதுதான், நிமித்தி வைச்சதெண்டு நினையுங்கோ. அடியில ஸ்பிரிங், அது ரவையை மேல தள்ளும். மேல வாய்க்கு ரெண்டு பக்கமும் தகடு உள்ளுக்கு வளைஞ்சிருக்கும், உதடு எண்டு சொல்லுறது. அந்த உதடுதான் ரவையைப் பிடிச்சு வைச்சிருந்து சரியான நேரம் விடவேணும். உதடு ஒரு மயிரளவு விரிஞ்சா ரவை தலையைத் தூக்கும், ஒடுங்கினாத் தலையைக் குத்தும். ஸ்பிரிங் சோந்துபோனா ஏறவே ஏறாது. பாத்தா ஒண்டும் தெரியாது, புதுசு மாதிரிப் பளபளவெண்டு கிடக்கும். விரலாலதான் பிடிக்கவேணும். கட்டைவிரலால மேல் ரவையை அமத்தி விட்டா நல்ல மகசீன் அடிச்சுக்கொண்டு திருப்பி வரும். கெட்டது யோசிச்சு யோசிச்சு வரும். வெறுமனாக் காதுக்குக் கிட்டப் பிடிச்சு ஆட்டினா நல்லது வாய் திறக்காது, கெட்டது உள்ளுக்குக் கடகடக்கும்.

போன மாரி பழைய ஸ்பெயார் எல்லாம் தேஞ்சு போச்செண்டு கொம்பனி புதுசு எடுத்தது. துவக்குச் செய்த கொம்பனியின்ர இல்லை, எங்கயோ மலிவா வாங்கினது. ஒரு தட்டில கொட்டி மேசையில வைச்சிட்டு ஆளுக்கு ரெண்டு எடுங்கோ எண்டாங்கள். அதில அரைவாசி குப்பை அண்ணை. தொட்ட உடனயே எனக்குத் தெரியும்.

ம். அதைத்தான் கேப்பியள் எண்டு எனக்குத் தெரியும். ஒரு செக்கியூரிற்றிக்காரனுக்கு உவ்வளவும் எப்பிடித் தெரியும் எண்டு. ரெண்டு கிழமை ரெயினிங்கில உது படிப்பிக்கிறேல்லை.

அண்ணை, நீங்கள் மன்னார் ஆள், உங்களுக்கு விரிச்சுச் சொல்லத் தேவையில்லை. நான் இயக்கத்தில நாலரை வருசம். துர்க்காவுக்குத் தெரியாது. இந்தக் கனடாவில இப்ப உங்களுக்கு மட்டும்தான் தெரியும். என்ர முதல் வேலையே மகசீன் பொறுக்கிறதுதான். சண்டை ஓய, செத்துக் கிடக்கிற ஆமிக்காரன்ர இடுப்பில இருந்து கழட்டுறது. எங்கட பிள்ளையளின்ர இடுப்பில இருந்தும்தான். இரத்தம் காய்ஞ்சு பிசின் மாதிரி ஒட்டிக் கிடக்கும், உடுப்பில துடைச்சுப்போட்டு, அமத்திப் பாத்து, ஆட்டிப் பாத்து, நல்லதை ஒரு சாக்கில, கெட்டதை ஒரு சாக்கில. ஒருநாள் ஒருத்தன்ர இடுப்பில கையை வைக்கக் கண்ணைத் திறந்தான். எனக்குப் பதினெட்டு வயசு. நான் கையை எடுக்கேல்லை, மகசீனைக் கழட்டின பிறகுதான் எடுத்தனான்.

பிறகு பிஸ்டல் தந்து வவுனியாவுக்கு விட்டவை. ஒராளுக்கு. ஒரு சலூனுக்குள்ள தலைமயிர் வெட்டிக்கொண்டு இருந்தவர். முதல் வெடி தோளில. ரெண்டாவது சிக்கீற்றுது. அந்த மனிசன் வெள்ளைத் துணியோட கதிரையால விழுந்து, தவண்டு வந்து என்ர காலைப் பிடிச்சுது. தம்பி, தம்பி எண்டு. நான் மகசீனைக் கழட்டி முழங்காலில தட்டித் திருப்பிச் செருகினனான். அந்த நேரம் முழுக்க அவற்ற கை என்ர காலில. பிறகு மூண்டு தரம் சுட்டனான். அண்டைக்குச் சத்தியம் பண்ணினனான், இனி அமத்திப் பாக்காத மகசீனைத் தொடுறேல்லை எண்டு. ஆளைச் சுடுறேல்லை எண்டு சத்தியம் பண்ணேல்லை, பாத்தியளே. மகசீனுக்குத்தான் பண்ணினனான்.

அகதி போமில அந்தக் கேள்வி இருந்தது, ஆயுதம் தொட்டனீரோ எண்டு. இல்லை எண்டு எழுதினனான். அந்த இல்லையிலதான் இந்த வீடு நிக்குது, சிற்றிசன்சிப், பிள்ளையளின்ர பள்ளிக்கூடம் எல்லாம். ஏன் பின்னை திரும்பத் துவக்கு வேலைக்குப் போனனி எண்டு கேப்பியள். பக்டறி மூடினவங்கள், இதுக்குக் கூப்பிட்டாங்கள், போனனான். அவ்வளவுதான். ரெயினிங்கில முதல் நாள் வேணுமெண்டு மண்ணுக்குள்ள சுட்டனான். வெள்ளைக்காரன் முதுகில தட்டி, பயப்பிடாதை, போகப் போகப் பழகும் எண்டான். நான் பயந்த மாதிரித் தலையை ஆட்டினனான்.

இப்ப விளங்குதே நான் ஏன் வாய் திறக்கேல்லை எண்டு. இந்த மகசீன் சரியில்லை எண்டு நான் சொன்னா, உனக்கு எப்பிடித் தெரியும் எண்டு அடுத்த கேள்வி வரும். யூடியூப்பில பாத்தனான் எண்டு சொல்லியிருக்கலாம். இப்ப வருது அது புத்தியில. யூடியூப்பில உதெல்லாம் கிடக்காம், ஒரு ஒற்றைச் சொல்லு, ஆரும் மேல கேட்டிருக்க மாட்டாங்கள். அண்டைக்கு அந்தச் சொல்லு வரேல்லை அண்ணை. பயந்தவன் றெமி இல்லை, நான்தான். பிள்ளையளையும் சேத்து ஏத்தி அனுப்பிப் போடுவாங்கள் எண்டு, கையால தொட்டுக் கண்டு பிடிச்ச ஒரு விசயத்தை வாயால சொல்லப் பயந்தனான்.

இல்லை, எனக்கு எடுத்தனான். எனக்கு நல்லதா ரெண்டு எடுத்தனான். ஏன் பொய் சொல்லுவான். தட்டில ஏழெட்டு அமத்திப் பாத்துப் பொறுக்கின ரெண்டு.

நாளைக்கோ? றெமி கவனமான பெடியன் எண்டு நான் வந்து ஒரு வசனம் சொன்னாக் காணும் எண்டு நினைக்கிறியள். காணாது அண்ணை. அந்த றிப்போட்டில நாலாம் பக்கத்தைத் திருப்புங்கோ, படம் இருக்கிற பக்கம். ரெண்டாவது மகசீனின்ர அடித்தட்டு. குறுக்க ரெண்டு கோடு கீறிக் கிடக்குதே, அதிலதான் லோயர் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். பழுது எண்டு தெரிஞ்சு றெமி தானே அடையாளம் போட்டவனாம், போட்டும் அறிவிக்காமல் இடுப்பில செருகிக்கொண்டு திரிஞ்சவனாம். கிளடிசும் கேட்டவவாம் என்ன, இவர் ஏன் தெரிஞ்சு தெரிஞ்சு உதைக் கொண்டு போனவர் எண்டு. அந்தப் பிள்ளைக்கு மறுமொழி ஒண்டு வேணும்தானே.

தட்டில மகசீன் குடுத்த அண்டைக்கு றெமி பிந்தி வந்தவன், மகளைப் பள்ளிக்கூடத்தில இறக்கிப்போட்டு. வரேக்கை நான் தட்டுக்குள்ள கையை விட்டு அமத்திக்கொண்டு நிக்கிறன். அவன் கண்டிட்டான். அண்ணை, எனக்கும் நல்லதா ரெண்டு பாத்துத் தாங்கோவன் எண்டான், சிரிச்சுக்கொண்டு. தமிழிலதான் கேட்டவன், ஆனா சுப்பவைசர் நிமிந்து என்ர கை அமத்திறதைப் பாத்தான். சிவா, நீ என்ன உதில பெரிய ஆளோ, முந்தியே பழக்கமோ எண்டு கேட்டான். பகிடியாக் கேட்டிருப்பான். இல்லையில்லை, சும்மா எண்டு சொல்லி, பாக்காமலே, தட்டில மேல கிடந்த ரெண்டைத் தூக்கி அவன்ர கையில வைச்சனான். அவன் வாங்கி பெல்ட்டில செருகிக்கொண்டு தாங்ஸ் அண்ணை எண்டான்.

மேல கிடந்தது எது எண்டா, நான் கடைசியா அமத்திப் பாத்திட்டு வேண்டாமெண்டு திருப்பிப் போட்டது. இயக்கத்தில எங்களுக்கு ஒரு பழக்கம் அண்ணை, சண்டை அவசரத்தில ஆரும் மாறி எடுத்துப் போடாமல் கெட்ட மகசீனின்ர அடியில ரெண்டு கோடு கீறி விடுறது. இவ்வளவு வருசத்துக்குப் பிறகும் கை மறக்கேல்லை. கார்த் திறப்பின்ர முனையாலதான் கீறினனான்.

இருங்கோ அண்ணை, சப்பாத்தைப் போடாதேங்கோ. நாளைக்கு எத்தினை மணிக்கு, எந்த அறை எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ.